பேராசிரியர்களும் நாமும்: பேராதனைத் தமிழாய்வு குறித்து ஒரு மறுநோக்கு

சென்ற தவணையின் இறுதியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு நாம் ஒரு வினாக் கொடுத்தோம். சங்ககாலத்தைப் பொற்காலம் எனப் போற்றுவது பொருந்துமா என்பதே வினா. விடைத்தாள்களைத் திருத்தியபோது ஒரு விந்தையைக் கண்டோம். மாணவருட் பெரும்பாலோர், 'பேராசிரியர் க. கைலாசபதி கூறுவது போல' என்று தொடங்கி, வீரமும் காதலும் ஓங்கிய, ஏற்றத்தாழ்வு அறியாத ஒரு பொற்காலமே சங்ககாலம் என்று முடித்திருந்தனர். பொற்காலக் கற்பனையை உடைப்பதற்காகத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் பெயரைக்கொண்டே அக் கற்பனைக்கு முத்திரை குத்தியிருந்தனர். மாணவரைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. அப் பெயரை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாம். அவர் என்ன கூறினார், எதைக்கொண்டு கூறினார், அக் கூற்று எவ்விடத்தில் வலுவிழக்கின்றது என்பவற்றைக் கொடுக்கத் தவறியவர்களும் நாமே.

பேராசிரியர் என்னும் சொல் நம்மிடையே ஒரு மந்திரமாகிவிட்டது. நினைவுப் பேருரைகள், மணிவிழா மலர்கள், நூற்றாண்டு விழாக்கள் எனப் பூமாலைகளுக்குக் குறைவில்லை. 2024 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பிறந்து நூறாண்டு நிறைவுற்றது. இத்தகைய சந்தர்ப்பங்களில் அவர்தம் ஆளுமை, பண்பு, மாணவர்பால் கொண்ட பரிவு ஆகியன நெகிழ்ச்சியுடன் பேசப்படுகின்றன. பேசப்படவேண்டியனவே. ஆயின், ஆய்வு எனப்படுவது விவாதத்திற்கென முன்வைக்கப்படும் ஒரு கருத்து என்பதையும், விவாதிக்காது விட்ட ஆய்வு அலுமாரியில் உறங்கும் என்பதையும் நாம் மறந்து விடுகிறோம். நாம் அப் பெரியோரிடம் நேரிற் கற்றவரல்லர். அவர்களிடம் கற்றவர்களிடம் கற்றவர்களின் மாணவர். அந்தத் தூரம் ஒருவகையில் நமக்கு வாய்ப்பானது. வணக்கத்திற்கும் வசைக்கும் இடையே நின்று நோக்க அது இடம் தருகின்றது.

இலங்கையில் தமிழாய்வு பல்கலைக்கழகத்தோடு பிறந்ததன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது இந் நாட்டிலே பல்கலைக்கழகம் என ஒன்று இருக்கவில்லை. 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது; 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1943 இல் சுவாமி விபுலாநந்தர் அங்கே முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அரசாங்கப் பணத்தில், ஆங்கிலேய மாதிரியில், ஆங்கில மொழியிலே நடைபெற்ற ஒரு நிறுவனத்தினுள் தமிழ் ஓர் ஆய்வுத் துறையாக நுழைந்த வரலாறு இதுவாகும். இதனை நினைவிலிருத்தினாலன்றிப் பின்னர் நடந்தவற்றின் சிறப்பும் சிக்கலும் விளங்கமாட்டா.

விபுலாநந்தர் விஞ்ஞானமும் பண்டைத் தமிழும் ஒருங்கே கற்றவர். அவரது யாழ்நூல், மறைந்துபோன ஓர் இசைக்கருவியைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டும் கணிதத்தின் துணைகொண்டும் மீட்டெடுக்க முயன்றது. 1947 இல் நூல் அரங்கேறியது; அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். தமிழ்ப் பழமையைப் பேச விரும்புவோர் பலர் நூலின் பெயரை மட்டும் சொல்லி நின்றுவிடுவதற்குக் காரணம், உள்ளே கிடக்கும் கணக்கு. அந்தக் கணக்குத்தான் நூலின் உயிர். சுரங்களிடையே அமைந்த விகிதங்களை எண்ணிக் காட்டாது பழம்பெருமை பேசுவதை அவர் ஆய்வாகக் கொள்ளவில்லை. இந்த ஒழுக்கம் பேராதனை மரபின் முதற்கல் எனலாம்.

அவருக்குப்பின் 1947 முதல் 1965 வரை பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளையைப் பற்றி நம் இளந் தலைமுறை அறிந்திருப்பது மிகக் குறைவு. 1903 இல் வடமராட்சியின் புலோலியிற் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கற்றபின் இலண்டன் சென்று, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். சாசனம் கவிஞன் செதுக்கிய மொழியன்று. நிலம் கொடுத்தவன், நீர் பாய்ச்சியவன், எல்லைக்கல் நாட்டியவன், கணக்கு எழுதியவன் ஆகியோரது மொழி அதிலே கசிகின்றது. இலக்கண நூலாரின் விதியை மீறிய வடிவங்கள் அங்கே வழுக்களாக அன்றி வரலாற்றுச் சான்றுகளாகக் கிடக்கின்றன. இதனை ஆண்டுக்கணக்காகப் படித்த ஒருவர், ஊருக்குத் திரும்பியதும் தம் அயலவரின் பேச்சைக் கேட்டு முகஞ்சுளிக்க முடியுமா?

அவர் முகஞ்சுளிக்கவில்லை. 1940 இல் வெளிவந்த 'நானாடகம்' என்ற தொகுதியில் 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலாய நாடகங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியிலேயே எழுதினார். ஊர் உடையாரின் போலிப் பெருமையை நகைத்தற்கு ஊரின் மொழியே தக்கது என அவர் கண்டமை வியப்பன்று. அவ்வாறு எழுதியவர் பல்கலைக்கழகத் தமிழாசிரியராக இருந்தமையே வியப்பு. இருபதாண்டுகளின் பின், 1960களின் தொடக்கத்தில், முற்போக்கு எழுத்தாளர் தம் சிறுகதைகளிலே உழைக்கும் மக்களின் பேச்சைக் கையாண்டபோது, 'இழிசனர் வழக்கு' என்ற பழிச்சொல் எழுந்ததையும், மரபு பற்றிய பெரும் போர் மூண்டதையும் இலக்கிய மாணவர் அறிவர். அப் போரிலே நம் பக்கத்தார் பெரும்பாலும் கோர்க்கியையும் பிரேம்சந்தையும் துணைக்கழைத்தனர். அருகிலேயே ஒரு சாசனவியலாளர் அமைதியாக வகுத்து வைத்த சான்றை அவர்கள் போதியளவு பயன்படுத்தவில்லை என்பது நமது எண்ணம். எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் உள்ள இடைவெளி ஆயிரம் ஆண்டுகளாக நகர்ந்துகொண்டே வந்தது என்பதைச் சாசனங்கொண்டு நிறுவியிருந்தால், மரபு எனப்பட்டதன் காலம் என்ன என்ற வினாவை எதிரணியார் எதிர்கொள்ள நேர்ந்திருக்கும். கணபதிப்பிள்ளையின் சாசன ஆய்வு வழியை ஆ. வேலுப்பிள்ளை தொடர்ந்தார். 1971 இலும் 1972 இலும் இரு பகுதிகளாக வெளிவந்த அவரது இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள் பற்றிய நூல், ஆங்கிலத்தில் அமைந்தமையாலோ என்னவோ, பாடசாலைகளின் வாசலை எட்டவேயில்லை.

வி. செல்வநாயகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அவரது நூல் எட்டாத பாடசாலை இல்லை. 1951 இல் வெளிவந்த 'தமிழ் இலக்கிய வரலாறு' சங்ககாலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், ஐரோப்பியர் காலம் என வகுத்த முறையை இன்றும் நம் மாணவர் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பர். இலக்கியத்தை அக்காலத்து அரசியல் சமூக நிலைகளோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தைச் சுருங்கிய வடிவில், தெளிந்த நடையிலே தந்தமை அந் நூலின் பெருஞ் சிறப்பு. ஆயினும் அரசமரபின் பெயரால் காலத்தை வகுக்கும்போது இலக்கியத்தின் வரலாறு அரண்மனையின் நிழலிலேயே நடப்பது போன்ற மயக்கம் தோன்றுகின்றது. பல்லவனும் நாயக்கனும் ஆளாத மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரை பாடியவனுக்கு இந்த அட்டவணையில் எங்கே இடம்? இக் குறையை ஆசிரியர் அறியாதவரல்லர். அவர் எழுதியது ஓர் அறிமுக நூல். அறிமுகத்தையே முடிவாக்கி, சுருக்கத்தையும் மேலும் சுருக்கிக் குறிப்புத்தாள் அச்சிட்டவர்கள் வேறு யாருமல்லர், நம் தொழிலைச் சேர்ந்தவர்களே. பிற்காலத்தில் கா. சிவத்தம்பி, தமிழிலே இலக்கிய வரலாறு என்பது எவ்வாறு எழுதப்பட்டு வந்தது, எவர் எத்தேவைக்காக எழுதினர் என்ற வினாவையே ஓர் ஆய்வுப் பொருளாக்கினார். 1986 இல் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் அது நூலாயிற்று. ஒரு வரலாற்று நூலைப் படித்து ஒப்புவிப்பதற்கும் அந் நூலின் வரலாற்றைக் கேட்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை உயர்தர வகுப்பிலேயே மாணவர் கடக்கலாம் என்பது நமது அனுபவம்.

இனி, வித்தியானந்தனுக்கு வருவோம். இவரைப் பற்றி விரிவாகக் கூறவேண்டியுள்ளது. ஏனெனில் நூலகத்தை விட்டுக் களரிக்குச் சென்ற பேராசிரியர் இவர். பத்துப்பாட்டைப் பற்றி இலண்டனிலே ஆராய்ந்தவர், 'தமிழர் சால்பு' எழுதியவர், பேராதனையிலே இருந்துகொண்டு மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்று கூத்துக்களைத் தேடினார். 'அலங்கார ரூபன் நாடகம்', 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' போன்ற ஏட்டுப் பிரதிகளை அச்சேற்றினார். இவற்றை எல்லாம்விட மாணவரைக்கொண்டு கூத்தாடச் செய்தமையே அவரை வரலாற்றில் நிறுத்தியது.

இதன் பின்னணியிலே ஒரு முரண்நகை உண்டு. 1956 ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டம் நிறைவேறிய ஆண்டு. அதே ஆண்டு நவம்பரிலே எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' அரங்கேறியது. சிங்கள நாடக அரங்கின் மறுமலர்ச்சி எனப் போற்றப்படும் அந் நாடகம் சிங்கள நாடகம என்னும் கிராமிய வடிவத்தைத் தழுவியது. அவ் வடிவமோ தமிழ்க் கூத்திலிருந்து, குறிப்பாகக் கத்தோலிக்கக் கரையோரத்துக் கூத்திலிருந்து, கிளைத்தது. சரச்சந்திரவே தம் ஆய்விலே இதனைக் கூறியவர். சட்டமன்றத்திலே மொழிகள் பிரிக்கப்பட்ட வேளையில், அரங்கிலே அவற்றின் உறவை ஒரு பல்கலைக்கழக ஆய்வு வெளிக்கொணர்ந்தது. தமிழருக்கோ தம் கூத்தின் மதிப்பு அயலவரின் வெற்றியைக் கண்ட பின்னரே புலனாயிற்று. படித்த தமிழர் கூத்தை நாட்டுப்புறத்தானின் கூச்சல் என ஒதுக்கியிருந்தனர். ஆடியவர்கள் உழவரும் மீனவரும் தாழ்த்தப்பட்ட சாதியாரும் என்பதே அவ்வொதுக்கலின் மறைபொருள்.

1962 இல் 'கர்ணன் போர்', 1963 இல் 'நொண்டி நாடகம்', 1964 இல் 'இராவணேசன்', 1968 இல் 'வாலிவதை' என வித்தியானந்தனின் தயாரிப்புக்கள் வந்தன. வட்டக்களரியிலே, சுற்றிலும் ஊரார் அமர்ந்திருக்க, விடியும்வரை ஆடப்பட்ட கூத்து, ஒருபக்கம் மட்டுமே திறந்த மேடையில், குறுகிய நேரத்துள் ஆடப்படும் நாடகமாயிற்று. திரும்பத் திரும்ப வரும் பாட்டுக்கள் குறைக்கப்பட்டன. பாத்திரங்களின் உணர்ச்சி மோதல் முதன்மை பெற்றது. 'கர்ணன் போர்' ஆட்டத்தைப் பழக்குவதற்கு மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்தார். மத்தளமும் சல்லரியும் ஒலித்தன. பட்டதாரிகளாகப் போகும் இளைஞர் சதங்கை கட்டினர். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதியாகி, கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகவும் விளங்கினார். ஓர் ஆய்வு தன் அடுத்த ஆய்வாளனைத் தானே ஆக்கிக்கொண்டமைக்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது.

ஆயினும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. கூத்து உயர்ந்தது, கூத்தர் உயர்ந்தனரா? நகரத்து மண்டபத்திலே கைதட்டல் பெற்ற வடிவம், கிராமத்திலே விடிய விடிய ஆடப்பட்ட வடிவத்தைச் செம்மையற்றது போலக் காட்டிவிட்டதன்றோ? நீளம் ஒரு குறையாகக் கருதப்பட்டது. ஆனால் நீளம் யாருக்குக் குறை? மறுநாள் அலுவலகத்திற்குச் செல்லவேண்டியவனுக்கு அது குறை. அறுவடை முடிந்து, ஊர் ஒன்றாக இருந்து, இடையிலே உறங்கி எழுந்து, மகன் கட்டியங்காரனாக வரும் வேளையைக் காத்திருக்கும் தாய்க்கு அந்த நீளமே கூத்து. திரும்பிவரும் பாட்டு அவளுக்குச் சலிப்பன்று. அவளும் சேர்ந்து பாடும் வாய்ப்பு. இவ்வினாவை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சி. ஜெயசங்கர் முதலானோர் மட்டக்களப்பிலே, சீலாமுனை போன்ற ஊர்களில், கூத்தை அதன் சமூகத்தாரோடு இருந்து, அவர்களையே ஆய்வாளராக்கி மீளுருவாக்க முனைந்தபோது இவ்வினாவே விவாதமாயிற்று. மௌனகுருவின் வழிக்கும் இவ்வழிக்கும் இடையே நடந்த வாதப் பிரதிவாதங்கள் சிலவேளை சூடேறியதுண்டு. நம்மைக் கேட்டால் அச்சூடு நல்லது என்போம். வித்தியானந்தனின் பணி உயிரோடிருப்பதற்கு மணிவிழா மலர்களைவிட அவ்விவாதமே சான்று. ஒன்றை மட்டும் சொல்லிவைப்போம்: நம் மாணவரின் விடைத்தாள்களிலே வித்தியானந்தன் பெயர் தவறாது வருகின்றது, செல்லையா அண்ணாவியாரின் பெயரை இதுவரை ஒரு தாளிலும் நாம் காணவில்லை.

கைலாசபதியும் சிவத்தம்பியும் நமக்கு இன்னும் நெருக்கமானவர்கள். ஆதலால் அவர்களைப் பற்றி எழுதுவது கடினம். இருவரும் பேராதனையிலே கற்றவர். இருவரும் பேர்மிங்ஹாமிலே, கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர். கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்து ஈழத்து எழுத்தாளருக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டவர். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதலாவது தலைவர். 1982 இல், ஐம்பது வயது நிறையுமுன்னரே, மறைந்தவர். சிவத்தம்பி 2011 வரை வாழ்ந்து, தம் இளமைக்காலக் கருத்துக்கள் சிலவற்றைத் தாமே மீண்டும் எடுத்து உரசிப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றவர்.

கைலாசபதியின் பேர்மிங்ஹாம் ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போட்டிலே ஆங்கில நூலாக வெளிவந்தது. தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அந் நூல் இரண்டு காரியங்களைச் செய்தது. சட்விக் முதலானோர் வகுத்த வீரயுகக் கொள்கையைத் தமிழுக்குப் பொருத்தி, புறநானூற்று உலகம் கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் வீரயுகங்களோடு ஒப்பிடத்தக்க ஒரு சமூகக் கட்டம் எனக் காட்டியது. இதனால் தமிழ்ச் சமுதாயம் எவர்க்கும் ஒப்பாகாத தனிப்பிறவி என்ற மாயை கலைந்தது. இரண்டாவதாக, மில்மன் பரியும் அல்பேர்ட் லோர்ட்டும் யூகோஸ்லாவியப் பாடகரிடம் கற்று ஹோமருக்குப் பொருத்திய முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தி, அவை வாய்மொழிப் பாணர் மரபிலே ஆக்கப்பட்டவை என வாதித்தது. ஒரே அடைமொழி, ஒரே தொடர் பல பாடல்களிலே மீண்டும் மீண்டும் வருவது கற்பனைக் குறையன்று. அது வாய்மொழிப் பாடகனின் கருவி என விளக்கியது. இவ் விளக்கத்தைப் படித்தபின் புறநானூற்றைத் திறப்பவன் முன்பு கேளாத ஒலிகளைக் கேட்பான்.

ஆனால் இந்த இரண்டாவது வாதம் எதிர்ப்பின்றி நிற்கவில்லை. ஜோர்ஜ் ஹார்ட் 1975 இல் வெளிவந்த தம் நூலிலே, சங்கப் பாடல்கள் எழுத்தறிந்த புலவர்களால் ஆக்கப்பட்டவை, அப் புலவர்கள் தாழ்ந்த நிலையிலிருந்த வாய்மொழிப் பாணரின் பாடல்களை மாதிரியாகக் கொண்டனர் என வாதித்தார். நீண்ட காப்பியத்தைப் பாடுகின்றவனுக்கு வாய்பாடுகள் தேவை. எட்டடியும் பதினைந்தடியுமாகச் செறிந்து கிடக்கும் ஒரு பாடலுக்கு அவை எவ்வளவு தேவை என்பது நியாயமான ஐயம். கொடுமணலிலும், 2015 முதல் அகழப்பட்டுவரும் கீழடியிலும் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய பானையோடுகள் இவ் விவாதத்திற்குப் புதிய தீனி தருகின்றன. நமது கருத்தை ஒளிக்காது கூறின், பாடலாக்கம் பற்றிய பகுதியில் ஹார்ட்டின் தடை வலுவுடையது. சமூகக் கட்டம் பற்றிய பகுதியோ அதனாற் சரிந்துவிடவில்லை. பாணனும் புலவனும் வேறு வேறானவர் என்றால், அவ்விருவரிடையே இருந்த ஏற்றத்தாழ்வு ஒரு வர்க்கப் பிரச்சினையாகவே நம்முன் நிற்கின்றது. கைலாசபதியின் மாணவர்களாகிய நாம் இவ்வழியிலே அவரைக் கடந்து சென்றிருக்கலாம். செல்லவில்லை.

இன்னோர் உதாரணம். 1966 இல் வெளிவந்த 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்ற நூலில், சைவசித்தாந்தத்தைச் சோழப் பேரரசோடு இணைத்து நோக்கும் கட்டுரை ஒன்று உண்டு. விண்ணிலிருந்து இறங்கியதாக எண்ணப்பட்ட தத்துவத்தை மண்ணோடு சேர்த்தது அக் கட்டுரை. படித்த காலத்திலே நமக்கு அது கண்திறப்பாக இருந்தது. இன்று வகுப்பிலே அதனைக் கற்பிக்கும்போது ஒரு நெருடல். சிவஞானபோதம் இயற்றிய மெய்கண்டார் 13 ஆம் நூற்றாண்டினர். அந் நூற்றாண்டிலேதான் சோழப் பேரரசு தளர்ந்து மறைந்தது. அப்படியாயின் அத் தத்துவம் பேரரசின் நிழலா, அல்லது பேரரசு மறைந்தபின் எஞ்சிய ஏக்கமா? சைவ மடங்களின் நிலவுடைமைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அடித்தளமும் மேற்கட்டுமானமும் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணும் பழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கின்றது. கைலாசபதி அப் பழக்கத்தை விதைத்தார் என்பதைவிட, அவர் தொடங்கிய இடத்திலே நாம் குந்திவிட்டோம் என்பதே உண்மைக்கு நெருங்கியது. சிவத்தம்பி 1974 இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரை, ஐந்திணையைத் தமிழகத்தின் ஏற்றத்தாழ்வான பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து, ஒரே காலத்திலே பல வளர்ச்சி நிலைகள் அருகருகே வாழ்ந்ததைக் காட்டியது. இதிலே சூத்திரத்தின் இறுக்கம் குறைவு. நிலத்தின் வேறுபாட்டுக்கு இடம் உண்டு. நாம் மாணவருக்கு முதலில் கொடுக்க விரும்புவது இக் கட்டுரையையே.

மொழிப் பிரச்சினையையும் ஈண்டு கூறாது விடமுடியாது. தமிழரைப் பற்றிய தலையாய ஆய்வுகள் ஆங்கிலத்திலே எழுதப்பட்டன. பல்கலைக்கழகத்தின் விதியும் உலக அரங்கின் தேவையும் அவ்வாறிருந்தன. அதனைக் குற்றமென்று கூறோம். ஆயின், கைலாசபதியின் வீரநிலைக் கவிதை நூலும், சிவத்தம்பியின் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வும் தமிழிலே நூலுருப் பெறுவதற்கு எத்தனை ஆண்டுகள் சென்றன! முன்னையது மூலநூல் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரே தமிழுக்கு வந்தது. 1960 தொடக்கம் கலைப் பீடத்திலே தாய்மொழியிற் கற்று வெளியேறிய ஆயிரக்கணக்கான ஆசிரியர், தம் பேராசிரியர்களின் தலைசிறந்த நூலைப் படிக்காமலே அவர்களைப் பற்றிப் பாடஞ் சொன்னார்கள். நம் மாணவரின் விடைத்தாள்களுக்கு மூலகாரணம் இங்கேதான் கிடக்கின்றது.

பேராதனை மரபு எதைக் காணவில்லை என்பதும் அதன் வரலாற்றின் ஒரு பகுதியே. 1952 இல் கலைப் பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தது. ஹந்தானை மலைச்சாரலில் தேயிலைத் தோட்டங்களுக்கு அயலே அது அமைந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடிய பாட்டு விரிவுரை மண்டபத்திற்குக் கேட்கும் தூரந்தான். பட்டிருப்பிலும் மன்னாரிலும் கூத்தைத் தேடிய கண்கள் அம் மலைச்சரிவின் காமன் கூத்தை ஏறெடுத்துப் பார்க்க நெடுங்காலம் சென்றது. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டியவர் தோட்டத் தொழிலாளரிடையே வாழ்ந்து, அவர்களுக்காகத் தொழிற்சங்கத்திலும் உழைத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. அக்காலத்துச் சாதிக் கொடுமையை 'பஞ்சமர்' என்ற நாவலாக 1972 இல் தந்த கே. டானியல் பல்கலைக்கழகப் படி மிதித்தவரல்லர். டானியலை உற்சாகப்படுத்தியவர்களுள் கைலாசபதி முக்கியமானவர் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் உற்சாகப்படுத்துவது வேறு, ஆய்வுப் பொருளாகக் கொள்வது வேறு. முஸ்லிம்களின் தமிழிலக்கியத்தை ம. மு. உவைஸ் ஆய்வுப் பொருளாக்கினார். அவருக்குப் பேராசிரியர் பதவி தந்ததோ மதுரை. பெண்களின் குரல் இன்னும் பிந்தியது. சித்திரலேகா மௌனகுரு முன்னின்று தொகுத்த 'சொல்லாத சேதிகள்' 1986 இல் வந்தபோது, அதன் தலைப்பே பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு செய்தி சொல்லிற்று.

முற்போக்காளரின் ஆய்வுகளைத் துணிந்து விமரிசித்தவர்களும் பெரும்பாலும் வெளியே இருந்தனர். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுதிய மு. தளையசிங்கம் பாடசாலை ஆசிரியர். அவரது ஆத்மார்த்த முடிவுகள் நமக்கு உடன்பாடல்ல. எனினும், புகழ்பெற்ற விமரிசகர்களின் முன் ஒரு பாடசாலை ஆசிரியர் நிமிர்ந்து நின்று, உங்கள் அளவுகோல் பிழை என்று விரிவாக வாதித்தமை நம் தொழிலுக்கே பெருமை. அன்று நம் பக்கத்தார் அவருக்குப் பதில் கூறியதைவிட அவரை ஒதுக்கியதே அதிகம் என்பதை இப்பொழுதாவது ஒப்புக்கொள்வோம்.

இன்றைய பல்கலைக்கழகங்களைப் பற்றி ஒரு சொல். பேராசிரியர் எண்ணிக்கை பெருகியிருக்கின்றது. பதவி உயர்வுக்குப் புள்ளித்திட்டம் உண்டு; கட்டுரைக்கு இத்தனை, மாநாட்டுக்கு இத்தனை என்று. எந்த ஊரிலே எந்த நூல் வெளியானாலும் முகப்பிலே ஒரு பேராசிரியரின் அணிந்துரை இருக்கின்றது. அணிந்துரைகளைத் தொகுத்தால் சிலருக்கு அதுவே பெருநூலாகும். நல்ல ஆய்வு செய்பவர் இல்லையென்று நாம் கூறவில்லை. அவர்களை நாம் அறிவோம். ஊதியத்திலே புத்தகம் வாங்கி, விடுமுறையிலே களப்பணி செய்து, எவரும் படிக்காத ஆய்விதழிலே எழுதுகின்றனர். அவர்களுக்கும் பாடசாலைக்கும் இடையே பாதை இல்லை. கைலாசபதி காலத்திலே தினகரனும் சிறு சஞ்சிகைகளும் அப் பாதையாக இருந்தன. பாணருக்கும் ஹோமருக்கும் இடையே என்ன உறவு என்பதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலே படித்த ஆசிரியர் திங்கட்கிழமை வகுப்பிலே பேசினார்.

விடைத்தாள்களை நாம் மாணவரிடம் திருப்பிக் கொடுத்தோம். பேராசிரியர்களின் பெயரைக் குறிப்பிடாமல் அதே வினாவுக்கு மீண்டும் விடை எழுதும்படி கேட்டோம். வகுப்பிலே முணுமுணுப்பு எழுந்தது. "சேர், பேர் போடாட்டில் புள்ளி வருமோ?" என்றான் ஒருவன். மறுவாரம் ஒரு மாணவி வந்து, அகநானூற்றிலே நடுகல்லிற் பெயர் எழுதியிருப்பதாக ஓரிடத்தில் வருகின்றதே, எழுதினால் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள்தானே, பிறகேன் பாடல்களை எழுத்தறியாதவர் பாடியதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். ஹார்ட்டைப் பற்றி அவள் கேள்விப்பட்டதில்லை. கைலாசபதியின் நூலின் தமிழாக்கத்தைப் பாடசாலை நூலகத்திலே தேடினோம், இல்லை. நண்பரொருவரிடம் இரவல் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பாணர் பற்றிய அத்தியாயத்தில் இருப்பதாகவும், இன்னும் இரண்டு கிழமை வேண்டும் என்றும் நேற்றுச் சொன்னாள்.